டிரம்மின் மேல் விழுந்த நிழல்

புக்கிட் செந்தோசா வீட்டில் என்னிடம் பதினேழு பூச்சாடிகள் இருக்கின்றன. அடித்தட்டுகளில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று ஒரு நாளைக்கு இரண்டு தடவை பார்க்கிறேன். மருமகள் ஐந்து தடவை என்கிறாள். இது கெர்லிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எட்டு வயதில், அத்தையிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

எங்கள் லயத்தில் ஒரே வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள், வீட்டுக்கொரு தண்ணீர் டிரம். அத்தையின் ஒரே மகள் கொசுக் காய்ச்சலில் போன பிறகு அவர் வேலைக்கும் போகவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஒரு நாள் எழுந்து, செராய் என்ற எலுமிச்சைப் புல்லை வெட்டி வந்து, பானையில் அவித்து, ஆவியை மூங்கில் குழாயில் குளிரவைத்து எண்ணெய் எடுத்தார். கொசுப்புழு சாகட்டும் என்று ஒவ்வொரு டிரம்முக்கும் இருபது சொட்டு விட்டார்.

"என்னாக்கா, தண்ணிக்குத் தாளிப்பா?" என்றார் பக்கத்து வீட்டு மாமா.

"ஆமாலா. நீ சோறு மட்டும் கொண்டா."

பல மாதங்களுக்குப் பிறகு அத்தை பேசியது அதுதான்.

எண்ணுவது என் வேலை. எங்கள் டிரம்மில் பத்துக் கோப்பை மொண்டு பார்த்ததில், முதல் நாள் அறுபத்தொரு புழுக்கள். ஏழாம் நாள் பதினான்கு.

அத்தை மகளுக்குக் கடைசி ஊசி போட்ட, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் வந்தார். "வெள்ளிக்கெழம பாப்பேன்மா. ஒரு புழு இருந்தாலும் பானையத் தூக்கிடணும். மண்ணெண்ணெதான் ஊத்துவோம்."

வெள்ளிக்கிழமை அத்தை முந்தானையைப் பிடித்தபடி நின்றார். டிரசர் சூரியனுக்கு முதுகைக் காட்டி, டிரம்மின் மேல் நன்றாகக் குனிந்தார். தண்ணீர் முழுவதும் அவர் நிழல். நிழல் பட்டால் புழுக்கள் அடிக்குப் போய்விடும். லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அவர் சற்றுப் பொறுத்து, மேலாக ஒரு கரண்டி மொண்டார். பன்னிரண்டு டிரம்மிலும் அப்படியே.

"ஒன்னும் இல்லமா. தொடர்ந்து ஊத்துங்க" என்றார், அத்தையின் முகத்தைப் பார்க்காமல்.

அன்று அத்தை எங்களோடு உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். அம்மா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்தான் தட்டைத் தள்ளிவைத்தேன். டிரசருக்குப் புழு பிடிக்கவே தெரியவில்லை என்று அப்பாவிடம் முறையிட்டேன்.

"பேசாம சாப்பிடுடா."

இருபத்திரண்டு வருடம் டிரம் பார்த்த அந்த மனிதருக்கு, சூரியனைப் பார்த்து நின்று மொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க, மூன்று தடவை ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பினேன்.