மடியில் கீரை, சன்னதியில் பாஸ்போர்ட்

பாஸ்போர்ட் இல்லாமல் பிடிபட்ட வெளிநாட்டுக்காரர்களோடு என் சம்பந்தியையும் ரோட்டோரம் உட்கார வைத்திருந்தார்கள். அவருடைய பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நம் கோயிலில், அம்மன் காலடியில் வைத்திருந்தோம். சன்னதி பூட்டியிருந்தது. சாவியை வைத்திருந்த பூசாரி காலையிலேயே ஈப்போ டவுனுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.

திருவிழாவில் மைக்கைக் கொடுத்து இதைச் சொல்லச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தால் எனக்கு வாய் ஓடாது, வீட்டில்தான் ஓடும் என்று என் மகனே சொல்லுவான். அதனால் எழுதித் தருகிறேன்.

நான் தேயிலை பேக்டரியில் பாக்கெட் போடும் பகுதியில் வேலை செய்கிறவள். என் மகன் முகுந்தன் காய்கறி லோரி ஓட்டுகிறான். மருமகள் கவிதா வால்பாறைப் பெண். போன தீபாவளி முடிந்த சமயம் அவளுக்கு மாதம் நிறைந்திருந்தது. தலைப்பிரசவம். நிறைமாதத்தில் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். மகள் தாய் வீட்டுக்குப் போக முடியாததால் தாய்தான் இங்கே வர வேண்டியிருந்தது.

சம்பந்தி பாக்கியம் அம்மாள் வால்பாறையில் கொழுந்து பறித்தே காலத்தைக் கழித்தவர். கோயம்புத்தூரைத் தாண்டியதில்லை. இந்தியாவிலிருந்து சொந்தக்காரர்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு இப்போது விசா வேண்டாம், முப்பது நாள் இருக்கலாம் என்று கேள்விப்பட்டதும் எங்களுக்குப் பெரிய நிம்மதி. அப்புறம்தான் தெரிந்தது, விசா மட்டும்தான் வேண்டாம், மற்றதெல்லாம் வேண்டும் என்று. பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாத ஆயுளாவது இருக்க வேண்டும். திரும்பிப் போகிற டிக்கெட் வேண்டும். தங்குகிற விலாசம் வேண்டும், கையில் செலவுக்குப் பணம் வேண்டும். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். முகுந்தன் அதை நிரப்பிவிட்டு ஒவ்வொரு எழுத்தாகத் திரும்பத் திரும்பப் பார்த்தான். ஏர்போர்ட்டிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கதைகளை எங்கள் லைன் வீடுகளில் ஆளுக்கொன்றாகச் சொல்லி எங்களைப் பயமுறுத்தினார்கள்.

சம்பந்தி ஏர்போர்ட்டிலிருந்து வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"என்ன கேட்டாங்கன்னே தெரியல சம்பந்தி. டாட்டர், பேபின்னு ரெண்டே வார்த்தைதான் சொன்னேன். டப்புன்னு முத்திரை குத்திக் குடுத்துட்டாங்க."

அந்த முத்திரைக்காக அவர் விமானத்திலேயே நேர்ந்துகொண்டிருக்கிறார். நல்லபடியாக உள்ளே விட்டால், மகள் இருக்கும் இடத்து அம்மனின் காலடியில் பாஸ்போர்ட்டை வைத்து எடுப்பதாக வேண்டுதல். வீட்டுக்கு வந்த மறுநாளே அதைச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

"அத கைய விட்டுக் குடுக்காதீங்க சம்பந்தி. இங்க அடிக்கடி செக்கிங் வரும் லா."

"வெள்ளிக்கிழமை பூசை வரைக்குந்தானே. நேந்தாச்சு, இனி மாத்த முடியுமா?"

நேர்ந்ததை என்ன சொல்லித் தடுப்பது? பூசாரி தங்கையா அண்ணன் அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, குங்குமம் வைத்து, அம்மன் காலடியில் வைத்தார்.

சம்பந்திக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வந்த இரண்டு நாளில் என் மசாலா டப்பாவையெல்லாம் இடம் மாற்றிவிட்டார். உப்பைத் தேடி நான் படாத பாடு பட்டேன். அடுத்தது கீரை. எங்கள் லைனுக்குக் கீழே, கோலா தெர்லா பக்கத்துக் காய்கறித் தோட்டங்களில், முட்டைக்கோஸ் பாத்திகளுக்கு நடுவே மணத்தக்காளி தானாக முளைத்துக் கிடக்கும். வேலையாட்கள் புல் என்று பிடுங்கி எறிந்துவிடுவார்கள். கவிதாவுக்கோ வாயெல்லாம் புண். சம்பந்தி தோட்டத்து முதலாளியான சீனத் தவுக்கேயிடம் கையைக் காலை ஆட்டியே அனுமதி வாங்கிவிட்டார். தினமும் காலையில் இறங்கிப்போய் மடி நிறையப் பறித்து வருவார்.

அந்த வியாழக்கிழமையும் போனார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் போன் வந்தது.

"அக்கா, கீழ இமிகிரேஷன் வந்துருக்கு. உங்க சம்பந்தியம்மாவையும் பிடிச்சு வச்சிருக்காங்க. சீக்கிரம் வாங்க."

காலில் செருப்பு இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. ஓடினேன். தூறலில் பாதை வழுக்கியது. கீழே இமிகிரேஷன் லோரி நின்றது. பாத்திகளில் வேலை செய்தவர்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். கடைசி ஆளாக என் சம்பந்தி. கையெல்லாம் சேறு, தலையில் துண்டு. குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்த அந்நியப் பெண். அவர்கள் கண்ணுக்கு அப்படித்தானே தெரியும்? பார்க்க வருகிறவர்கள் இங்கே வேலை செய்யக் கூடாது. செய்தால் பிடித்து அனுப்பிவிடுவார்கள், அப்புறம் வரவே விட மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படி நடந்தால் கவிதாவின் பிரசவத்தில் தாய் இருக்க மாட்டாள். பிள்ளையின் முகத்தையும் பார்க்க மாட்டாள்.

அதிகாரி ஒரு பெண். மலாயில் கேட்டார்: "பாஸ்போர்ட் மானா?"

எங்கே என்று கேட்டால் எதைச் சொல்வது? கோயிலில் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பொய் சொல்கிறவர்கள்கூட இதைவிட நல்ல பதிலாகச் சொல்லுவார்கள். கவிதாவுக்குப் போன் போட்டு, பாஸ்போர்ட்டின் படத்தை அனுப்பச் சொல்லிக் காட்டினேன். படம் போதாது, அசலைப் பார்க்காமல் விட முடியாது என்றார். அவர் வேலை அது, குறை சொல்ல மாட்டேன்.

"இவர் என் பேசான், புவான்" என்றேன். சம்பந்திக்கு மலாயில் பேசான் என்றுதான் சொல்; புவான் என்றால் மேடம். "வேலைக்கு வரல. மகளுக்குக் கீரை பறிக்க வந்தாங்க."

அவர் சம்பந்தியின் மடியைப் பார்த்து, இது புல்தானே என்றார். சம்பந்திக்கு மொழி புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது. கறுத்த பழம் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். இன்னொன்றை அதிகாரியிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. ஆனால் தவுக்கேயைக் கூப்பிட்டு விசாரித்தார். கூலி எதுவும் இல்லை, தினமும் புல் எடுக்க வருகிற அம்மா என்று அவரும் சொன்னார். எல்லாம் சரி, பாஸ்போர்ட் இல்லாவிட்டால் ஆபீசுக்கு ஏற்றத்தான் வேண்டும் என்றார் அதிகாரி.

தங்கையா அண்ணனுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. கண் டாக்டரைப் பார்க்கக் காலையிலேயே கிளம்புவதாகச் சொல்லியிருந்தார். லோரியில் ஆட்களை ஏற்றத் தொடங்கினார்கள். சம்பந்தி எழுந்தார். அழவில்லை. மடியை அவிழ்த்துக் கீரையை என் கையில் கொடுத்தார்.

"வாடிப் போயிரும் சம்பந்தி. உடனே ஆஞ்சு ஆக்கிக் குடுத்துருங்க. புள்ளைக்கு வாய்ப்புண்ணு."

எனக்கு அப்போதுதான் மனசு உடைந்தது. ரோட்டோரத்திலேயே மண்டி போட்டேன். அம்மனோடு சண்டை போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். "தாயே, உன்ன நம்பித்தானே உன் காலடியில வச்சா? பூட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கியே. நீ பெத்தவதானே, பெத்தவ வயிறு உனக்குத் தெரியாதா? எப்படிக் குடுப்பியோ, எனக்குத் தெரியாது. அத எடுத்துக் குடு." வேறு மந்திரம் எதுவும் எனக்கு வரவில்லை. கீரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் தங்கையா அண்ணன். மழைக்கோட்டுக்குள் கையை விட்டு அந்த பிளாஸ்டிக் கவரை எடுத்தார்.

அதிகாரி பாஸ்போர்ட்டை வாங்கிப் பிரித்தார். விரலில் குங்குமம் ஒட்டியது. முத்திரையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். போகலாம் என்று தலையை ஆட்டினார். "இதைக் கோயிலில் வைக்காதீர்கள்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் லோரியில் ஏறினார்.

பிறகு அண்ணன் சொன்னார்: "காலையில வெளக்குப் போட்டப்ப கவரு கீழ வுழுந்து கெடந்திச்சி. எடுத்து வச்சேன். திரும்ப வுழுந்திச்சி. அம்மன் பூக் குடுக்கிற மாதிரி இதக் குடுக்கிறா, வெள்ளிக்கிழமை வரைக்கும் வைக்க வேணாங்கிறான்னு தோணிச்சி. குடுத்துட்டுப் போகலாம்னு உங்க வீட்டுக்கு வந்தேன். மருமகப்புள்ள அழுதுகிட்டே விசயத்தச் சொல்லிச்சி. போனு சத்தம் மோட்டார்ல எங்க கேக்குது?"

அபிஷேக ஈரத்தில் பிளாஸ்டிக் வழுக்கியிருக்கும் என்கிறான் முகுந்தன். இருக்கட்டும். நான் கேட்பதற்கு முன்பே அதைக் கீழே தள்ளி வைத்தவள் யார் என்றுதான் நான் கேட்கிறேன்.

அன்று மதியம் அந்தக் கீரையைச் சம்பந்திதான் ஆக்கினார். உப்பு எங்கே என்று என்னைத்தான் கேட்டார். இருவரும் சிரித்தோம், பிறகு இருவரும் அழுதோம். அடுத்த வாரமே பேத்தி பிறந்தாள். சம்பந்திதான் முதலில் கையில் வாங்கினார். முப்பது நாள் முடியப்போகும்போது, பக்கத்து நாடான சயாமின் எல்லைவரை போய்த் திரும்பினால் இன்னொரு முத்திரை வாங்கிவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். எனக்குத் துணிச்சல் இல்லை. ஒருமுறை காப்பாற்றினாள் என்பதற்காகத் தாயைச் சோதிப்பதா? கெடு முடியும் முன்பே பேத்தியை முத்தமிட்டுவிட்டு அவர் விமானம் ஏறினார்.

முன்பெல்லாம் நான் அம்மனிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன். இப்போது பேசுகிறேன். பயத்தில் இருக்கிறவர்களே, நீங்களும் பேசுங்கள். அழகாகப் பேச வராவிட்டால் சண்டையாவது போடுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். விருந்தாளி வந்தால் பாஸ்போர்ட் மட்டும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். அம்மனுக்குப் பூ போதும்.

சம்பந்தி போகும்போது வாசலில் உதிர்த்துவிட்டுப் போன பழத்தில் ஒரு மணத்தக்காளிச் செடி முளைத்திருக்கிறது. புல் என்று யாரும் பிடுங்கிவிடாதபடி சுற்றிக் கல் வைத்திருக்கிறேன்.