பேசக் கூடாத ஆட்டம்

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டிலிருந்து காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். வேலையோடு வேலையாக, அஞ்சல் வழியில் முதுகலை மேலாண்மையும் படித்தேன். அதில் சப்ளை செயின் என்று ஒரு பாடம். பருத்தி எங்கோ விளைந்து, நூலாகி, துணியாகி, ஆஸ்பத்திரியில் ஒருவருடைய காயத்தின்மேல் வந்து உட்காரும்வரை யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதுதான் அந்தப் பாடமே. காத்துக் கிடப்பதற்கெல்லாம் பட்டம் கொடுக்கிறார்களே என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். சேர்ந்து சிரிக்க ஆள் கிடையாது.

எனக்கு முப்பது தாண்டியிருந்தது. வந்த வரன்களையெல்லாம் வேண்டாம் என்று சொன்னவள் நான். அப்பா இறந்த பிறகு வீட்டில் அம்மா, அண்ணன், மதினி, நான், அவ்வளவுதான். கல்யாணப் பேச்சை எடுத்தால் சண்டை வருகிறது என்று அதை விட்டுவிட்டார்கள். அந்தப் பேச்சு போகும்போது மற்ற பேச்சையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சாப்பிட்டாயா, கதவைச் சாத்து, இதற்கு மேல் எதுவும் இல்லை. யாருக்கும் யார்மேலும் கோபமும் இல்லை. கோபம் இருந்தாலாவது நாலு வார்த்தை வந்திருக்கும். உனக்கு என்ன வேண்டும் என்று ஒரே ஒரு தடவை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிப்போயிருந்தேன்.

அந்தப் படிப்புக்கு மதுரையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கும். ஒருநாள் ஆசிரியர் ஓர் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். நாலு பேர் வேண்டும். ஒருவர் கடை, அடுத்தவர் மொத்த வியாபாரி, அடுத்தவர் சரக்கு சேர்த்து வைக்கும் டிப்போ, கடைசி ஆள் ஆலை. வாடிக்கையாளர் கேட்கும் அளவு கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். அவர் தனக்கு வேண்டியதைச் சீட்டில் எழுதி அடுத்த ஆளுக்குத் தள்ளுவார். அவர் அதற்கு அடுத்த ஆளுக்கு. கேட்ட சரக்கு இரண்டு சுற்று கழித்துத்தான் வந்து சேரும். ஆட்டம் முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆடிப் பார்த்து, நடந்ததை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். வகுப்பிலிருந்த ஆண்கள் டீக்கடைக்குப் போய்த் திரும்பும்போதே நாலு நாலு பேராகச் சேர்ந்திருந்தார்கள். நான் கடைசி பெஞ்சில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் தனியாகவே ஆடிப் பார்த்தேன். கம்பெனியில் கழித்துப் போட்ட பேண்டேஜ் ரோல்களைக் கேட்டு வாங்கி ஒரு சாக்கில் கொண்டுவந்து, அவற்றைச் சரக்காக வைத்து என் அறைத் தரையில் பரப்பினேன். நாலு இடத்திலும் நானே மாறி மாறி உட்கார்ந்தேன். சரக்கு எங்கும் குறையவில்லை, எங்கும் தேங்கவும் இல்லை. நாலு பேர் மனசும் எனக்குத் தெரியுமே, அப்புறம் எப்படித் தப்பு வரும்? எழுத ஒன்றும் இல்லாமல் அழுகையாக வந்தது.

அடுத்த ஞாயிறு வகுப்பு இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூச்சத்தை விட்டு மூவரையும் கேட்டேன். என்ன ஆச்சரியமோ, மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். நான் கடை. எனக்கு அடுத்து அம்மா, பிறகு மதினி, கோடியில் ஆலையாக அண்ணன். பேசக் கூடாது என்ற விதியைச் சொன்னதும் தலையாட்டினார்கள். எங்கள் வீட்டுக்கு அதில் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.

வாடிக்கையாளர் கேட்கும் அளவு எழுதி ஆசிரியர் கொடுத்திருந்த சீட்டுகளில், நான் அதுவரை பிரிக்காத கட்டைக் கவிழ்த்து வைத்து, சுற்றுக்கு ஒன்றாகத் திருப்பினேன். கொஞ்ச நேரம் ஒழுங்காகப் போனது. பிறகு சீட்டில் இருந்த அளவு இரட்டிப்பானது. அந்த ஒரு தடவைதான் ஏறியது, அப்புறம் கடைசிவரை அதே அளவுதான். ஆனால் என் முன்னால் இருந்த ரோல்கள் தீர்ந்துபோயின. பதறிப்போய் அம்மாவிடம் கூடுதலாகக் கேட்டேன். அம்மா மதினியிடம் அதைவிடக் கூடுதலாகக் கேட்டாள். மதினி சீட்டைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திவிட்டு, அண்ணனிடம் இன்னும் பெரிய எண்ணைத் தள்ளினாள்.

அண்ணன் அந்தச் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அம்மாவையும் மதினியையும் தாண்டி என்னைப் பார்த்தான்.

"ஒனக்கு எம்புட்டுத்தான் வேணும்? சொல்லிரு, அம்புட்டையும் அனுப்பிருதேன்."

எத்தனை வருஷம் கழித்து அந்த வீட்டில் என்னைப் பார்த்து வந்த கேள்வி.

"பேசக் கூடாதுண்ணே," என்றேன்.

"ஆங், சரி," என்று குனிந்து எழுதத் தொடங்கினான்.

அதற்குப் பிறகு கேட்ட சரக்கெல்லாம் ஒரேயடியாக வந்து குவிந்தது. ஆட்டம் முடிந்தபோது அம்மாவின் மடியிலும் முன்னாலும் பேண்டேஜ் ரோல்கள் உருண்டு கிடந்தன.

"ஏம்மா இம்புட்டு வாங்கி வச்ச?" என்று கேட்டேன்.

"பெறகு? நீ வந்து கேட்டு, எங்கிட்ட இல்லேன்னு ஆயிரக் கூடாதுல்ல," என்றாள் அம்மா.

மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது, இனி பேசலாம். நானோ குனிந்து, ரோல்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் எடுத்துப் போட ஆரம்பித்தேன்.