பல்சக்கரத்தின் மேல் ஒரு பை

பம்ப் தொழிற்சாலையை இழுத்து மூடிய பிறகும் தெருவில் அவளை யூனிஃபார்ம் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோரு வருஷமாக அந்த ஒரே தொழிற்சாலைக்குத்தான் அவள் தைத்தாள். சாம்பல் நிறச் சட்டை, இடது மார்பில் சிவப்பு நூலில் ஒரு பல்சக்கரம். வேறு யாராவது துணியோடு படியேறினால், "கை நிறைய வேலை கிடக்குங்க, வேற இடம் பாருங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். திரும்பிப் போனவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இப்போது ஒருவரும் படியேறவில்லை.

மூன்று மெஷின்களில் இரண்டுக்கு உறை போட்டாகிவிட்டது. அவற்றில் தைத்த இரண்டு பெண்களும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். மிச்சம் கட்டிங் மாஸ்டர் மட்டும்தான். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இனி எந்தக் கடையில் போய் நிற்பார்? வெட்டத் துணியில்லாத மேஜையைத் தினமும் காலையில் வந்து சுத்தமாகத் துடைப்பார். ஒரு நாள் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"மாஸ்டர், இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். அப்பவும் ஒண்ணும் வரலைன்னா கடையைச் சாத்திடலாம்னு இருக்கேன்."

"சாத்துங்க. மேஜையை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க. காலை நீட்டிப் படுக்கலாம்" என்றார் அவர், துடைப்பதை நிறுத்தாமல்.

பிழைக்க வழி காட்டியவன் அவளுடைய அண்ணன். அதே தொழிற்சாலையில் லேத் ஓட்டியவன்தான். ஒரு மத்தியானம் இரண்டு பழைய யூனிஃபார்ம் சட்டைகளோடு வந்து நின்றான்.

"இந்தச் சக்கரத்தைப் பிரிச்சுக் குடு. நல்லதா இருக்கிற சட்டையே இது ரெண்டும்தான். போட்டுக்கிட்டு வேலை கேட்கப் போனா, 'ஓ, அங்கே இருந்தவரா? அது மறுபடி திறந்தா ஓடிப்போயிடுவீங்களே'ங்கிறான்."

"திறக்கப் போறாங்களா?"

"யாரோ புரளி கிளப்பி விட்டிருக்கான். திறக்கிறதோ இல்லையோ, எங்களுக்கு எல்லாக் கதவும் மூடியாச்சு."

பிளேடு நுனியால் ஒவ்வொரு நூலாகப் பிரித்தாள். எத்தனை சலவைக்குப் போட்டாலும் அசையக் கூடாது என்று அவளே நெருக்கி நெருக்கிப் போட்ட தையல். பிரித்து முடித்துத் தூக்கிப் பார்த்தால், சட்டை முழுக்க வெளிறியிருக்க, சக்கரம் இருந்த இடம் மட்டும் புதுக் கருக்கோடு பல் பல்லாகத் தெரிந்தது. நூல் போனதே தவிர சக்கரம் போகவில்லை.

மிச்சம் மீதி கிடந்த சாம்பல் துணியில் ஒரு பை வெட்டச் சொல்லி, அதன்மேல் வைத்துத் தைத்தாள். மறைந்துவிட்டது. அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பேனா கூட வெச்சுக்கலாம்" என்றான். அவன் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

அடுத்த வாரம் அவனோடு வேலை பார்த்த நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் படிக்கட்டில் வரிசை நின்றது. இரண்டாவது மெஷினின் உறையைக் கழற்றினாள். மாஸ்டர் நாளெல்லாம் பை வெட்டினார்.

"சட்டை வெட்டின கை, பை வெட்டுது. அடுத்து கைக்குட்டையில கொண்டுபோய் நிறுத்துவீங்க போலிருக்கே முதலாளியம்மா" என்று முனகினாலும் கத்தரியில் பழைய வேகம் திரும்பியிருந்தது. மாசக் கடைசி வந்தது, போனது. கடை திறந்தே இருந்தது. வரிசையில் நிற்பவர்களின் முகத்தை மட்டும் அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வேலை போனவர்கள் வந்தால்தான் அவளுக்கு வேலை. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

தப்பு எங்கே நடந்தது என்று அண்ணன் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

"வேலை கேட்கப் போன இடத்துல நான் வாயைத் திறக்கலை. அந்த ஆள் நேரா என் மார்பைப் பார்த்தான். 'பம்ப் கம்பெனிதானே? இன்னைக்கு நீங்க ஆறாவது பை'ன்னான்."

ஒரே அளவு, ஒரே இடம், மூலையில் ஒரே முக்கோணத் தையல். வெளிறின சட்டையில் பளிச்சென்று புதுத்துணிப் பை. எண்பது சொச்சம் பேருக்கு அவளே அடையாளம் தைத்துக் கொடுத்திருந்தாள். யூனிஃபார்ம் தைத்துப் பழகிய கைக்கு ஆளுக்கொரு விதமாகத் தைக்கலாம் என்று தோன்றவே இல்லை.

மறுநாளே சட்டைகள் திரும்பி வந்தன. "ஏன்க்கா, சக்கரத்தை எடுக்கச் சொன்னா நீ ஸ்டாம்ப் அடிச்சு அனுப்பிட்டியே" என்று ஒருவன் மேஜைமேல் வீசினான். காசு வாங்காமல் எல்லாப் பைகளையும் பிரித்தாள். பிரித்தால் உள்ளே சக்கரம் அப்படியே இருந்தது. பத்து நாளில் படிக்கட்டு காலி. மாஸ்டர் மறுபடி மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார்.

அந்தப் பத்து நாளும் அவள் மனதில் ஒன்றே ஓடியது. சின்னத்தைச் சட்டையிலேயே தைத்ததுதான் வினை. தனியாக ஒரு துண்டுத் துணியில் தைத்து, நாலு பிரஸ் பட்டன் வைத்தால்? வேலையை விட்டு வருகிறவன் பேட்ஜைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாசில்லாத சட்டையோடு வெளியே வரலாம். ஒன்று தைத்து எடுத்துக்கொண்டு, ஊரில் ஆள் எடுத்துக்கொண்டிருந்த ஒரே இடமான பார்சல் கிடங்குக்குப் போனாள்.

கிடங்கு மானேஜர் சின்ன வயசுக்காரர். பேட்ஜை டப்பென்று கழற்றினார், டப்பென்று மாட்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

"பிரமாதம்மா! எங்க சின்னத்தைப் போட்டுக்கிட்டு வெளியாள் திரியக் கூடாது. அதுக்காக ஒவ்வொரு தடவையும் சட்டையைத் திருப்பி வாங்கிக் கிழிச்சுப் போடறோம். இனிமே சட்டையை அவங்களே கொண்டுபோகட்டும். பேட்ஜை வாங்கி அடுத்த ஆளுக்கு மாட்டிடலாம்."

"அடிக்கடி ஆள் மாறுவாங்களா சார்?"

"மூணு மாசம்தான். அதுக்கு மேல வெச்சுக்கிறதில்லை."

ஆர்டர் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். அண்ணன் பெயரையும் சொல்லி, கிடங்கில் அவனுக்கு ஒரு வேலையும் கேட்டு வாங்கியிருந்தாள். மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"சட்டை முந்நூறு. பேட்ஜ் நாற்பது. எழுதினவன் தூங்கிட்டானா?"

"சரியாத்தான் எழுதியிருக்கான் மாஸ்டர். சட்டை ஆளோட போயிடும், பேட்ஜ் அங்கேயே நிக்கும்."

மறுநாள் துணி வந்து இறங்கியது. அவர் சாக்குக்கட்டியை எடுத்து, ஏழு மாசத்துக்குப் பிறகு வந்த முழுத் துணியில் முதல் கோட்டைப் போட்டார். மூன்றாவது மெஷினின் உறையையும் அவள் கழற்றினாள். நின்றுபோன இரண்டு பெண்களுக்கும் ஆள் அனுப்பினாள்.

முதல் நாற்பது சட்டை தயாரானதும் அண்ணன் அளவு பார்க்க வந்தான். பேட்ஜை மார்பில் அழுத்தி மாட்டிக்கொண்டான். விரலால் தடவிப் பார்த்தான்.

"பட்டன் கெட்டியா இருக்குமா?"

"ஆயிரம் தடவை கழட்டி மாட்டினாலும் ஒண்ணும் ஆகாது" என்றாள், தொழில்காரியின் பெருமையோடு.

"அதைக் கேட்கலைம்மா" என்றான் அண்ணன். "கழட்டறதுக்குக் கொஞ்சமாவது கஷ்டமா இருக்குமான்னு கேட்டேன்."

 அவளுக்குப் பின்னால் மாஸ்டர் நாற்பத்தொன்றாவது சட்டையை வெட்டிக்கொண்டிருந்தார்.