சவுட்டி விட்ட பந்து

அந்த சி.டி.யின் அட்டையில் சேறு அப்பிய முகத்தோடு ஒருவன் முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு அணைத்து ஓடிக்கொண்டிருப்பான். துபாயில் அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்த பிஜி தீவுக்காரர் ஊருக்குப் போகும்போது கொடுத்தது. இரண்டாயிரத்து ஏழு வாக்கில் அண்ணன் லீவில் வந்தபோது, பிளேஸ்டேஷனோடு அதையும் புதுக்கடை ஊரிலிருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அட்டையைப் பார்த்த அம்மா, "இவன் எந்த வயல்ல விழுந்தான்?" என்று கேட்டாள்.

அந்த லீவு முழுவதும் அண்ணனும் அவனுடைய கூட்டுக்காரர்களும்தான் டி.வி.யில் அந்த ரக்பியை ஆடினார்கள். அண்ணன் பெண்டாட்டி, என் மைனி, சாயா கொண்டுவந்து வைப்பாள், கதவோரம் நின்று கொஞ்சம் பார்ப்பாள், போய்விடுவாள். அண்ணன் திரும்பிப் போன பிறகு, மதியம் அவர்களுடைய பிள்ளை தூங்கும் நேரத்தில் நானும் மைனியும் ஆடத் தொடங்கினோம். நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். பந்து கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவேன், பத்தடிக்குள் நாலு பேர் என்மேல் விழுவார்கள். மைனி ஓடமாட்டாள். அந்த ஆட்டத்தில் பந்தைக் கையால் முன்பக்கம் எறியக்கூடாது, காலால் அடிக்கலாம் என்பதை அவள் முதல் வாரமே பிடித்துக்கொண்டாள். பந்து வந்ததும் ஆளில்லாத மூலையைப் பார்த்து ஓங்கி ஒரு சவுட்டு. அது தரையில் குத்தி, பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போகும். பிறகு நான் என் எல்லைக்குள்ளேயே கிடந்து திணறுவேன். பதறித் தப்புச் செய்வேன், அதற்கு அவளுக்கு ஓர் உதை கிடைக்கும். அவள் நிதானமாகக் குறிபார்த்துக் கம்பங்களுக்கு நடுவே அடித்து மூன்று புள்ளி எடுப்பாள்.

"பந்தைக் கொடுத்துட்டா எப்படி மைனி ஜெயிக்க முடியும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பந்து எனக்க கையில இருந்தாத்தான மக்கா எல்லாவனும் எனக்க மேல விழுவான்? உனக்க மூலையில போட்டு நீயே வச்சுக்க."

மைனி இயற்பியல் பட்டதாரி. கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பை பி.எட். வரைக்கும் கொண்டுபோக வேண்டுமென்பது அவளுடைய ஆசை. அடுத்த லீவில் அண்ணன் வந்த நேரம், நாகர்கோவில் கல்லூரியிலிருந்து இடம் கிடைத்ததாகக் கடிதமும் வந்தது. "பிள்ளை வளரட்டும், பொறவு பாக்கலாம்" என்று அண்ணன் முடித்துவிட்டான். மைனி பதில் சொல்லவில்லை. அதை நாங்கள் எல்லோரும் சம்மதம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டுக்காரர்கள் சுற்றியிருக்க அண்ணன் மைனியைக் கூப்பிட்டான். அதற்கு முன் மூன்று முறை அவளிடம் தோற்றிருந்தான். "ஏட்டி, சவுட்டாம ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டு. நீ பி.எட்.டுக்குப் போலாம்." எல்லோரும் சிரித்தார்கள். மைனி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

முதல் பந்தையே சவுட்டினாள்.

"சவுட்டப்பிடாதுண்ணு சொன்னேன்லா?"

"நீங்க சொன்னீங்க. நான் சரிண்ணு சொல்லல்லியே."

அண்ணன் ஆவேசமாக ஆடினான். இரண்டு முறை அவளுடைய கடைசிக் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைத்தான், பத்துப் புள்ளி. ஒவ்வொன்றுக்கும் பிறகு கூடுதல் புள்ளிக்காகக் கம்பங்களுக்கு நடுவே அடிக்க வேண்டும். உதைப்பது கேவலமென்று நினைத்து அதைப் பழகாமலே இருந்தவன் இரண்டையும் வெளியே அடித்தான். மைனிக்கு மூன்று உதையில் ஒன்பது. கடைசி நிமிடத்தில் திரையில் அவளுடைய ஆட்டக்காரன் ஓடுவதுபோல ஓடி, சட்டென்று நின்று, பந்தைத் தரையில் விட்டு எழும்பும்போது அடித்தான். பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. பன்னிரண்டுக்குப் பத்து.

அண்ணன் டி.வி.யை அணைத்தான். "சவுட்டி ஜெயிச்சதெல்லாம் சேராது. நீ போகாண்டாம்."

மைனி வயரைச் சுற்றி வைத்துக்கொண்டே சொன்னாள்: "தோத்திருந்தாலும் போவேன். போன வாரமே சேருகேண்ணு எழுதிப் போட்டாச்சு. எனக்க படிப்பைப் பந்தயத்துல வைக்க நான் யாருக்கும் குடுக்கல்ல."

"பின்ன என்னத்துக்கு ஆடின?"

"ஆடக் கூப்பிட்டீங்க. ஆடினேன்."

கூட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள்.

அண்ணன் அவளோடு பேசாமலேயே துபாய்க்குப் போனான். நாலு மாதம் போன் செய்யும்போதெல்லாம் என்னிடமும் அம்மாவிடமும் மட்டும் பேசினான். மைனி அழுததை ஒரே ஒரு தடவை, கிணற்றடியில் பார்த்திருக்கிறேன். மறுநாளும் அதே காலை பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். பிள்ளையை நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டோம். படிப்பை விடச் சொல்லி அம்மாவிடம் வந்தவர்களுக்கு, "அவளுக்கு இஷ்டம், அவ படிக்கா" என்று அம்மா பதில் சொன்னதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். இன்று மைனி மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். அவளுடைய வகுப்பில் பிள்ளைகள் பயந்துகொண்டுதான் பேசுவார்கள் என்று கேள்வி.

அந்தப் பந்தயத்துக்கு அடுத்த லீவில் அண்ணன் வந்தான். மைனி மேசையில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். அவன் டி.வி. முன்னால் வெகுநேரம் தனியாக ஆடிப் பார்த்துவிட்டு, திரும்பாமலே கேட்டான்: "அந்த மூலைக்கு நீ எப்படிச் சவுட்டுவ?"

மைனி தலை நிமிரவில்லை. "இன்னும் நாலு பக்கம் எழுதணும். அதுவரை நீங்களே சவுட்டிப் பாருங்க."