கோகிலாவுக்கு அண்ணனான ஞாயிற்றுக்கிழமை

இங்கே டென்மார்க்கில், ஓர்ஹூஸ் நகரத்தில், பால் வாங்கப் போனால் கல்லாவில் இருக்கிற பெண் ரசீதோடு சேர்த்து "வீ சேஸ்" என்று சொல்லி அனுப்புவாள். மறுபடி பார்ப்போம் என்று அர்த்தம். வந்த புதிதில் நான் அதை நிஜமென்று நம்பினேன். ஒருநாள் மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரர், "சனிக்கிழமை வாக்கில் ஒரு காபி குடிக்கலாமே, வீ சேஸ்" என்றார். அந்தச் சனிக்கிழமை முழுக்க வீட்டைப் பெருக்கி, ரவா கேசரி கிளறி வைத்துக் காத்திருந்தேன், மடையன் மாதிரி. திங்கட்கிழமை அவர் என்னிடம் மழையைப் பற்றி மட்டும் பேசினார். அன்றிலிருந்து யார் அன்பாக எதைச் சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தை ஊருக்கும் கொண்டுபோனதுதான் வினை.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து, ஆட்டையாம்பட்டி வீட்டையும் விற்றபிறகு, ஊர் என்றால் எனக்கு நண்பர்கள்தான். அதிலும் சக்திவேல். கல்லூரியில் என் அறைத்தோழன், இப்போது எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். இந்த வருடம் பொங்கல் விடுமுறைக்கு வருகிறேன் என்றதும் அவன் மனைவி கோகிலா போனை வாங்கிப் பேசினாள்.

"ஏனுங்கண்ணா, நாயித்துக்கிழமை ஜேடர்பாளையத்துக் கோயில்ல பாப்பாவுக்குக் காதுகுத்து. நீங்க வந்தாத்தானுங்க குத்தறதே."

"கட்டாயம் வாரேன்மா" என்றேன். அங்கே ஆற்றில் குளிக்கத் தண்ணீர் இருக்குமா என்றும் கேட்டுக்கொண்டேன்.

ஜேடர்பாளையம் என்றதும் என் மனம் காவிரிப் படுகை அணைக்கும் பொரித்த மீனுக்கும் போய்விட்டது. கோகிலாவும் நானும் ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் அண்ணன் தங்கை முறை. அவளுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும், தாய்மாமன் சீர்த்தட்டோடு வரவேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். அவள் சொன்னது வெறும் உபசாரம் என்று நினைத்தேன். அம்மா இருந்திருந்தால் பழத்தட்டு இல்லாமல் என்னைப் படியிறங்க விட்டிருக்கமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பரமத்தி வேலூர் வழியாகப் பஸ்ஸில் போய் இறங்கினேன். வழி நெடுக வாழைத்தோப்பைப் படமெடுத்துக்கொண்டே வந்தேன். அரைக்கால் டவுசர், தோளில் துண்டு, கூலிங் கிளாஸ். கோயிலுக்கு வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தில் கோகிலா பட்டுச்சேலையில் தனியாக நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். அப்புறம் என் கைகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்குப் பொறி தட்டியது. குளிக்க வந்தவன் போல வந்து நிற்கிறோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

அவள் காரின் டிக்கியைத் திறந்தாள். உள்ளே தாம்பாளத்தில் தேங்காய், பழம், குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, சிறிய டப்பியில் தங்கத் தோடு. பக்கத்தில் மடிப்புக் கலையாத ஒரு வேட்டி.

"எதுக்கும் இருக்கட்டும்னு நானே வாங்கி வெச்சேனுங்கண்ணா. நீங்க கொண்டாந்த மாதிரி கொண்டாங்க."

"சக்திக்கு?"

"அவருக்குத் தெரியாதுங்க. எங்கத்தைக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

காருக்குப் பின்னால் நின்று டவுசருக்கு மேலேயே வேட்டியைக் கட்டினேன். தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு நுழைந்ததும் சக்திவேல் ஓடிவந்து தோளைக் கட்டிக்கொண்டான். "எதுக்குடா இத்தன செலவு? இத்தன நாளும் உன்னையச் சும்மா மச்சான்னு கூப்புட்டேன். இன்னைக்குத்தான் நெச மச்சான்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் தாம்பாளத்தை இறக்கி வைத்தேன். நண்பனை ஏமாற்றுகிறேனா, அவன் மனைவியைக் காப்பாற்றுகிறேனா? இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

குழந்தையை என் மடியில் வைத்தார்கள். பத்தர் ஊசியை எடுத்ததும் அவள் வீரிட்டு அழுதாள். அம்மாவிடம் தாவுவாள் என்று பார்த்தால், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு என் நெஞ்சிலேயே முகத்தைப் புதைத்தாள். முன்பின் தெரியாத ஆளை நம்புகிறாளே என்று அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அதற்குள் கோகிலாவின் மாமியார் வந்து என் நெற்றியில் திருநீறு வைத்தார்.

"மருமவளுக்குப் பொறந்தவன் இல்லீன்னு ஒரு கொறை இருந்துச்சு சாமி. இன்னைக்குத் தீந்துபோச்சு. புள்ளை பெரிய மனுசி ஆனாலும் மாமன் சீரு நீங்கதான் கொண்டாரோணும்."

"வாரேனுங்க" என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். சொன்னது ஓர்ஹூஸ்காரனா, ஆட்டையாம்பட்டிக்காரனா? எதிரே கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள்.

அணையில் குளிக்கவில்லை. மீனும் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஆற்றங்கரையில் சக்திவேலோடு நடந்தபோது உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். அவனோ போனில் யாரிடமோ, "எங்க மச்சான் டென்மார்க்குல இருந்து சீரோட வந்துட்டானுங்க" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்த வாரத்தில் அலுவலகத்தில் மெட்டே என்கிற பெண் எல்லோருடைய அடுத்த விடுமுறையையும் குறித்துக்கொண்டு வந்தாள். சுற்றிப் பார்த்ததைக் காட்டச் சொன்னாள். போனில் இருந்ததெல்லாம் வாழைமரங்களும், அழுகிற குழந்தையை மடியில் வைத்திருக்கிற என் படமும்தான்.

"யார் குழந்தை?"

"என் தங்கை மகள்."

"சரி, அடுத்து எப்போது போகிறாய்?"

"இவள் வயதுக்கு வரும்போது."

"எந்தத் தேதி?"

"தெரியாது. சொல்லி அனுப்புவார்கள். உடனே கிளம்பவேண்டும்."

நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். என் பெயருக்கு நேரே ஜூலையைக் குறித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் எனக்கு அந்த நாள் இப்போதே தெரிகிறது. கோகிலா டிக்கியில் தாம்பாளத்தை அடுக்கி வைத்துவிட்டு, பட்டுச்சேலையில் சாலையைப் பார்த்து நிற்கிறாள். வந்து நிற்கிற பஸ்ஸிலிருந்து ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். அவர்களில் நான் இருக்கிறேனா என்று மட்டும் தெரியவில்லை.