மேடையில் காய் எடுத்த கதை

எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னலில் பன்றி தொங்கும். முழுப் பன்றி அல்ல, தோலோடு நீளநீளமாக அரிந்த கொழுப்பு. கண்ணாடி மாதிரி ஆகும்வரை வெயிலில் காயவிடுவார்கள். சிக்கம் என்று அதற்குப் பெயர். பக்கத்திலேயே கயிற்றில் கோத்துக் காயப்போட்ட பாலாடைக்கட்டி, கல்லைப் போல இருக்கும், அது சுகோ. பிள்ளைகளின் யூனிஃபார்மைக் கொடியில் போட்டுச் சாயங்காலம் எடுத்தால் இரண்டு வாடையும் அதில் ஏறியிருக்கும். பூட்டானுக்கு வந்த புதிதில் காலையில் ஜன்னலைத் திறந்ததும் ஓங்கரிப்பேன். இவளுக்கு மூன்றாவது விசேஷமோ என்று பக்கத்து வீட்டுக்காரிகள் பேசிக்கொண்டார்கள்.

கீழே கடைத்தெருவில் பேமா என்ற பெண்ணின் மளிகைக்கடை. முதல்முறை போனபோது முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் நின்றேன். தெரிந்த அரைகுறை இந்தியில் ஏலக்காய் கேட்டேன். அவள் என் மூக்கையே பார்த்தாள். உள்ளே போய், கட்டைவிரல் நுனி பருமனுக்குக் கறுப்பாக, வரிவரியாகச் சுருங்கி, அடுப்புப் புகை நாறும் எதையோ ஒரு கைப்பிடி அள்ளிவந்து வைத்து, இதை வெந்நீரில் போட்டுக் குடி, மூக்கு திறந்துவிடும் என்றாள். எனக்கு ஜலதோஷம் என்று நினைத்துவிட்டாள், பாவம். காசும் வாங்கவில்லை. அந்தக் கறுப்புக் காய்தான் அவர்கள் ஊர் ஏலக்காய் என்று அப்புறம் தெரிந்தது. கேரள மலையில் எங்கள் சாந்தன்பாறையில் பச்சை மாறாமல் உலர்த்திய காயைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது பெருச்சாளி போட்டுவிட்டுப் போனது போலிருந்தது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பன்றி வாடை, சுகோ வாடை, இந்தக் கறுப்புக் காயின் புகை வாடை எல்லாம் குளிர்காலம் முடிவதற்குள் பழகிப்போயின. பழகாமல் இன்றைக்கும் அடிவயிற்றைப் புரட்டுவது வேறொன்று. அது எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து வரவில்லை, எங்கள் முகாமுக்குள்ளிருந்தே வந்தது.

என் வீட்டுக்காரர் ஹவில்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பூப்பாறைக்காரர். கல்யாணமான நாள் முதல் அவருக்குக் கிடைத்ததெல்லாம் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத எல்லை முகாம்கள்தான். பிள்ளைகள் இரண்டும் அப்பாவை ஃபோனில் பார்த்தே வளர்ந்தவை. ஒருமுறை லீவில் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது சின்னவன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு, ஃபோனில் இருக்கும் அப்பாதான் வேண்டும் என்று அழுதான். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதனால் பூட்டானில் நம் ஆட்களுக்கு ஒரு முகாம் இருக்கிறது, குடும்பத்தோடு இரண்டு வருஷம் இருக்கலாம் என்று உத்தரவு வந்தபோது எனக்குக் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது போலிருந்தது. கறுப்புப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டிகளில் வீட்டைக் கட்டினோம். பெட்டிக்குப் பெட்டி அவருடைய நம்பர், ரேங்க், பெயர், வெள்ளை எழுத்தில். என் இட்லிக் கொப்பரையும் என் உள்பாவாடையும் ஹவில்தாரின் பெயரில்தான் போடி மெட்டு இறங்கின. ரயில் மாறி, ரயில் மாறி, வங்காளத்தின் கடைசியில் இறங்கி, ஒரு பெரிய வர்ணம் பூசிய வாசலைத் தாண்டினால் வேறு நாடு. ஃபோனில் மணி தானாக அரைமணி முன்னே ஓடியது. சின்னவன் அந்த அரைமணி எங்கே போச்சு என்று மலையேறும்வரை கேட்டுக்கொண்டே வந்தான்.

இங்கே மாதத்துக்கு ஒருமுறை குடும்பப் பெண்களுக்குக் கூட்டம் உண்டு. உட்காரும் வரிசையெல்லாம் புருஷனின் ரேங்க் வரிசை. சோபா அதிகாரி வீட்டுப் பெண்களுக்கு, மெத்தை நாற்காலி சுபேதார் வீட்டுக்கு, பிளாஸ்டிக் நாற்காலி எங்களுக்கு. பெண்களுக்கு எப்போது யார் ரேங்க் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பெரிய அதிகாரியின் மனைவியை எல்லோரும் மேடம் என்போம். கெட்டவர் என்று சொல்லமுடியாது. சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தபோது வண்டி அனுப்பியவர். குரல் கற்கண்டு மாதிரி இருக்கும். அந்தக் குரலில்தான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, பக்கத்திலிருந்து பூட்டான் அதிகாரிகள் விருந்துக்கு வருகிறார்கள், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு ஐட்டம், சவுத்துக்கு நீதான் என்றார். கேரளத்தில் என்னைப் பாண்டி என்பார்கள், பட்டாளத்தில் மதராஸி, கடல்மட்டத்துக்கு இவ்வளவு மேலே வந்ததும் சவுத். என் அம்மா எஸ்டேட்டில் வேலை செய்கிறவள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதனால் கொழுந்து கிள்ளும் பெண்கள் நடனமாம். ஜரிகைப் பாவாடை, உதட்டுச்சாயம், முதுகில் கூடை, நின்றபடி இரண்டு கையாலும் காற்றில் கிள்ளிக் கிள்ளிப் போடவேண்டும்.

என் அம்மா எடுப்பது தேயிலை இல்லை மேடம், ஏலம், அது தரையில் காய்க்கும், உட்கார்ந்துதான் எடுப்பார்கள் என்றேன். அவர் என் கன்னத்தைத் தட்டி, "உட்கார்ந்தால் பின்வரிசைக்குத் தெரியாதே" என்றார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இதற்கு என்ன இவ்வளவு கோபம் என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். என் அம்மா எந்த வேலையைச் செய்து என்னைப் பிளஸ் டூ வரை படிக்கவைத்தாளோ, அந்த வேலையிலிருந்து அட்டையையும் மழையையும் பூச்சிமருந்து வாடையையும் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு ஜரிகை வைத்துத் தைக்கச் சொன்னால் வேறு என்ன வரும்? அதையும் பகோடா தின்றுகொண்டு பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்து, முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன் என்றேன். வீட்டுக்காரர் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணலுன்னாளாம்" என்று கிண்டல் பண்ணினார். நான் சிரிக்கவில்லை. பிரஷைக் கீழே வைத்தார்.

"இந்தா பாரு. குவார்ட்டர்ஸ இன்னொரு வருசம் நீட்டிக் கேட்டிருக்கேன். அந்தப் பேப்பரு மேடம் வீட்டுக்காரரு, பெரிய சாயிப்பு மேசையிலதான் கெடக்கு. ஒத்தப் பாட்டு. ஆடிட்டு வந்துரு."

"எங்காத்தா பாத்தா என்ன சொல்லும்?"

"ஒங்காத்தா எங்க பாக்கப் போகுது? இவன் மறுபடி கட்டிலுக்கடியில போயி ஒளிஞ்சா நீதான் பதில் சொல்லணும்" என்று தூங்கும் சின்னவனைக் காட்டினார். இந்த மனுஷனும் இப்படி வளைகிறாரே என்று அவர் மேலும் அருவருப்பாக இருந்தது. அவரை விட்டால் போக இடமும் இல்லை, போகவும் மனமில்லை.

சாந்தன்பாறையில் காய்க்காலம் மழையோடுதான் வரும். அம்மா விடியற்காலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு தோட்டத்துக்குப் போவாள். ஏலச்செடி ஆளை மறைக்கிற உயரம் நிற்கும், காயோ தூரில், மண்ணில் கிடக்கும் சரத்தில் இருக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைத் தூருக்குள் விட்டு, பழுத்த காயை மட்டும் தடவிப் பார்த்து எடுத்து இடுப்புப் பையில் போட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே அடுத்த தூருக்கு நகரவேண்டும். எழுந்தால் கங்காணி சத்தம் போடுவார். சாயங்காலம் அவள் வீட்டுக்கு வரும்போது கை கறுத்துக் கறை பிசுபிசுக்கும். லயத்து வாசலில் நின்று முதலில் என்னைத்தான் கூப்பிடுவாள். கால் இடுக்கில் ஏறிய அட்டையை உப்புத் தொட்டு உதிர்ப்பது என் வேலை. அந்த வேலையில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

விருந்தன்று மேடையில் பாட்டுப் போட்டார்கள். எனக்குத் துணையாக மேடம் சேர்த்த நாலு பெண்களும் என்னோடு நின்று காற்றைக் கிள்ளினார்கள். முன்வரிசையில் பூட்டான் அதிகாரிகள் முழங்கால் வரைக்குமான கோடுபோட்ட அங்கியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். பக்கவாட்டில் என் பிள்ளைகள். எனக்கு என்ன வந்ததோ, கூடையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, ஜரிகைப் பாவாடையைச் சுருட்டிச் செருகி, குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். சபைக்கு முதுகைக் காட்டித் தலையைக் குனிந்து, இல்லாத தூருக்குள் கையை விட்டு, பாட்டு முடியும்வரை மேடையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்ந்தேன். முதலில் சிரிப்பு கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. முடிந்தது, நாளைக்கே பெட்டியைக் கட்டச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் நல்லது என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். மேடம் மேடைக்கே வந்து என்னைக் கட்டிப்பிடித்து, எவ்வளவு இயல்பு, கண் கலங்கிவிட்டது என்றார். நிஜமாகவே கலங்கியிருந்தது. அடுத்த வாரம் குவார்ட்டர்ஸ் நீட்டிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரர் ஜிலேபி வாங்கிவந்தார். அதற்கடுத்த வாரம் மேடத்திடமிருந்து ஆள் வந்தது. டெல்லியிலிருந்து பெரியவர் ஒருவர் வருகிறாராம், அந்த உட்கார்ந்து எடுக்கிற ஐட்டம் வேண்டுமாம். பின்வரிசைக்கும் தெரியும்படி எனக்கென்று ஒரு மரப்பலகை மேடை செய்திருந்தார்கள். முதுகைக் காட்டக்கூடாது, அவ்வப்போது முன்வரிசைப் பக்கம் திரும்பிச் சிரித்தால் நன்றாயிருக்கும் என்றார் மேடம். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். இப்படி மெச்சிக்கொண்டு வருகிறவர்களை என்ன செய்வது? அதற்குப் பிறகு யார் வந்தாலும் நான்தான். ஆடி முடித்து வந்து வெந்நீரில் எத்தனை தேய்த்துக் குளித்தாலும் உடம்பிலிருந்து ஏதோ ஒன்று போகமாட்டேன் என்கிறது. ஆனால் சின்னவன் இப்போது அப்பாவின் வயிற்றில் கால் போட்டுத்தான் தூங்குகிறான். அதைப் பார்த்துவிட்டு அடுத்த முறையும் போய் உட்காருகிறேன்.

போன லீவில் ஊருக்குப் போயிருந்தோம். நல்ல காய்க்காலம். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒருநாள் அம்மாவோடு தோட்டத்துக்குப் போனேன். வேண்டாமென்று அவள் தடுத்தாள், நான் கேட்கவில்லை. பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, பையைக் கட்டி, அவளுக்குப் பக்கத்துத் தூரில் உட்கார்ந்தேன். முழங்கால் வலிக்கவில்லை, மேடையில் பழகியிருந்தது. கை மளமளவென்று ஓடியது. எனக்கே பெருமையாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கையை நிறுத்தி என்னையே பார்த்தாள்.

"அங்கிட்டு ஆருடி நிக்கிறா?"

"எங்க, ஆத்தா?"

"நீ பாட்டுக்குத் திரும்பித் திரும்பிச் சிரிக்கிறியே."

திரும்பிய பக்கம் மழைதான் பெய்துகொண்டிருந்தது. யாருமில்லை என்றேன். அம்மா உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து வந்து, என் பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, கறுத்த உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பாதிக்கு மேல் பிஞ்சு.