கணக்கப்பிள்ளைக்காக ஓடிய ஓட்டம்

கையில் மட்டை இருந்தது. ஆனால் எனக்கு யாரும் பந்து வீசப் போவதில்லை. ஆடுகளத்துக்குப் பக்கவாட்டில், நடுவருக்கு அருகே, வெள்ளைச் சுண்ணாம்புக் கோட்டின் நுனியில் ஒரு காலை முன்வைத்து நின்றுகொண்டிருந்தேன். பந்தை அடிக்க வேண்டியவர் வேறொருவர். அவர் அடித்தால் நான் ஓட வேண்டும். கிரிக்கெட்டில் காலில் அடிபட்டவருக்குப் பதிலாக ஓடுகிறவனை எங்கள் பக்கத்தில் 'பைரன்னர்' என்பார்கள். அன்று நான் யாருக்காக ஓடினேனோ, அவரோடு இரண்டு வருடங்களாக ஒரு வார்த்தைகூட நான் பேசியிருக்கவில்லை.

அவர் தோட்டத்தில் எங்கள் பிரிவின், அதாவது டிவிசனின், கணக்கப்பிள்ளை. ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதும், மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது பக்கத்தில் நிற்பதும் அவர்தான். பருத்த உடம்பு, நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆனால் மட்டையைப் பிடித்துவிட்டால் ஆள் வேறு. பந்தை ஓங்கி அடிக்க மாட்டார். ஆள் இல்லாத இடம் பார்த்து மெல்லத் தள்ளிவிடுவார். மூன்று டிவிசன்களிலும் அப்படி ஆட ஒருவர் கிடையாது என்பதை அவரைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள். நானும் ஒப்புக்கொண்டேன், மனசுக்குள்.

நான் அவரோடு பேசாமல் போனதற்குக் காரணம் அப்பா. இரண்டு வருடங்களுக்கு முன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது அப்பாவைக் குளவி கொட்டியது. முகமும் கழுத்தும் வீங்கி, மூச்சுக்கு அவர் தவித்ததைப் பார்த்த நான் மடுவத்துக்கு ஓடினேன். அங்கே தோட்டத்து லொறி பாதி கொழுந்தோடு நின்றது. கணக்கப்பிள்ளை அதன் பக்கத்திலேயே நின்றார். "ஐயா, அப்பாவ பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும், லொறியக் குடுங்க" என்றேன். அவர் லொறியைப் பார்த்தார், தொழிற்சாலைப் பக்கம் பார்த்தார். "இந்தா, ஏத்தி முடிச்சிரட்டும் தம்பி. இல்லாட்டி தொர சத்தம் போடுவாரு" என்றார். அதற்குமேல் கேட்டு நிற்க எனக்கு நேரமில்லை. பாதைக்கு இறங்கி ஓடி ஒரு ஆட்டோவைப் பிடிப்பதற்குள் அரை மணித்தியாலம் போயிற்று. அப்பா பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். மலைக்கு வேலைக்குப் போவதே நின்றுபோனது.

அதன் பிறகு தினமும் காலையில் பெரட்டில் கணக்கப்பிள்ளை என் பெயரைக் கூப்பிடுவார். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். அவரும் அதைக் கண்டுகொள்ளாததுபோல் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

அந்தத் தைப்பொங்கலுக்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமை கீழ் டிவிசனோடு எங்களுக்குக் கடைசிப் போட்டி. இரண்டாவதாக ஆடிய எங்கள் பக்கத்தில் மளமளவென்று விக்கெட்டுகள் விழுந்தன. நானும் வந்த வேகத்தில் திரும்பினேன். கணக்கப்பிள்ளை மட்டும் நிலைத்து நின்றார். மூன்று ஓவர் மீதமிருந்தபோது ஒரு ஓட்டத்துக்கு ஓடி, பாதியில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நரம்பு பிடித்துக்கொண்டது. நிற்க முடிந்தது, ஓட முடியவில்லை. எங்கள் அணித் தலைவன் என் மச்சான். நேராக என்னிடம் வந்தான்.

"நீ போ மச்சான். ஒன்ன மாதிரி ஓட ஆளு கெடையாது."

"வேற யாரையாச்சும் அனுப்பு."

"யாருக்குன்னு பாக்காத. டிவிசனுக்கு ஓடு."

போனேன். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்ததும் மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டார்.

முதல் பந்தை அவர் இடைவெளி பார்த்துத் தள்ளினார். இரண்டு ஓட்டம் நிச்சயம். நான் ஒன்று ஓடிவிட்டு நின்றுகொண்டேன். வேண்டுமென்றேதான். வெளியிலிருந்து எங்கள் ஆட்கள் கத்தினார்கள். அவர் கத்தவில்லை. ஏன் நின்றேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மௌனத்தில் எனக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது என்பதை இன்று மறைப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் மற்றவருக்காக ஓடும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. பந்து நம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டால் அது எங்கே என்று நமக்குத் தெரியாது. அடித்தவர் சொல்லைத்தான் நம்ப வேண்டும். "வா" என்றால் வர வேண்டும், "நில்லு" என்றால் நிற்க வேண்டும். அடுத்து அவர் அடித்த பந்தில் "வா தம்பி" என்று குரல் கொடுத்தார், ஓடினேன். "இன்னொண்ணு" என்றார், திரும்பினேன். இரண்டு வருடங்களாக நான் காதில் போட்டுக்கொள்ளாத குரல் அது. அவர் கணிப்பு ஒருமுறைகூடப் பிழைக்கவில்லை. ஒரு ஓவர் முடிவதற்குள் என் கால்கள் என்னைக் கேட்காமலே ஓடத் தொடங்கியிருந்தன. கோபம் போகவில்லை. ஆனால் ஓடும்போது அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை, அவ்வளவுதான்.

கடைசிப் பந்து. வெற்றிக்கு இரண்டு ஓட்டம். கணக்கப்பிள்ளை பந்தை நேராகத் தள்ளினார். "ரெண்டு! ரெண்டு!" என்று கத்தினார். முதல் ஓட்டத்தை முடித்துத் திரும்பும்போது ஈரப் புல்லில் கால் வழுக்கி, முகம் தரையில் மோத விழுந்தேன். வாயில் மண். எழுந்து, எப்படி ஓடினேன் என்று தெரியாது. விக்கெட் காப்பாளர் பந்தை வாங்கி ஸ்டம்பைத் தட்டுவதற்கு முன்பே என் மட்டை கோட்டைத் தாண்டியிருந்தது. வென்றுவிட்டோம் என்று கையை உயர்த்தினேன்.

கீழ் டிவிசன்காரர்கள்தான் குதித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். கோட்டுக்குள்ளேயே நின்றிருக்க வேண்டிய கணக்கப்பிள்ளை, ஆறேழு அடி வெளியே, ஆடுகளத்தின் நடுவில், தொடையைப் பிடித்தபடி கிடந்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பாடசாலைக்கு வந்திருந்த ஆசிரியர்தான் நடுவர். அவர் சங்கடத்தோடு சொன்னார்: "உங்களுக்காக ஓடினவர் உள்ளுக்கு வந்திட்டார், ஐயா. ஆனா நீங்களும் கோட்டுக்குள்ள நிண்டிருக்க வேணும். இது அவுட். இப்படி அவுட்டானா ஓடின ஓட்டமும் சேராது." ஒரு ஓட்டத்தில் தோற்றோம்.

என் மச்சான் ஆத்திரத்தில் தொப்பியைத் தரையில் அடித்தான். "அசையாம நிக்கிறதுக்குத்தானே பைரன்னர் வச்சோம், எதுக்குங்க ஐயா வெளிய வந்தீங்க?" என்று கேட்டான். கணக்கப்பிள்ளை கையை ஊன்றி எழப் பார்த்தார். நான் தோள் கொடுத்து அவரைத் தூக்கினேன். மைதானத்து ஓரம்வரை என்மேல் சாய்ந்தே நடந்தார். உட்கார்ந்த பிறகு என் முகத்திலிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நீ விழுந்ததப் பாத்தேன். காலு தன்னால வந்திருச்சு. அன்னைக்குத்தான் வந்திருக்கணும், வரல."

எந்த நாளைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை அவர் கையில் கொடுத்தேன்.

எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் முதலில் வேண்டுமென்றே நின்றதையும் சேர்த்து. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தொட எப்படி இருக்காம் அவருக்கு?" என்றார். மறுநாள் காலை கணக்கப்பிள்ளையின் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். படிக்கட்டில் நாலு தடவை நின்று மூச்சு வாங்கித்தான் ஏறினார். நான் பின்னாலேயே போனேன். வாசலில் அப்பாவைக் கண்டதும் கணக்கப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த கதிரையையே இழுத்துப் போட்டார். "உக்காருங்க" என்றார். அதுவரை அவர் அப்பாவை 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா உட்கார்ந்தார். அவர் மூச்சு சீராகும்வரை கணக்கப்பிள்ளை சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

அவரை நான் மன்னித்தேனா என்று கேட்டால் இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த அரை மணித்தியாலம் போனது போனதுதான். பேச ஆரம்பித்தேன், அது மட்டும் தெரியும். இப்போது அப்பா இல்லை. நான் எல்ல நகரத்தில் ஒரு சுற்றுலா விடுதியில் வேலை பார்க்கிறேன். கணக்கப்பிள்ளை ஓய்வு பெற்று ஹல்துமுல்லையில் மகளோடு இருக்கிறார். போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மழைக்காலத்தில் அந்தத் தொடை இன்னும் வலிக்கிறதாம். தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார்.

"நான் நின்ன எடத்துலயே நின்னிருந்தா அன்னைக்கு ஜெயிச்சிருப்போம், இல்ல?"

"ஆமாங்க ஐயா, ஜெயிச்சிருப்போம்" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம்.